செத்த ஃபிரிட்ஜில் பயறு

24.7.2006, திங்கள்

மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எதிர்வீட்டு ஓடு தெரியவில்லை. கொடியில் கிடக்கும் சட்டை எத்தனை நாளானாலும் காயாது போல.

ஃபிரிட்ஜ் வேலை முடிந்தது. வட்டக்கானலில் ராபின் அண்ணன் கெஸ்ட் ஹவுஸில் கம்ப்ரஸர் போய்க் கிடந்தது. "எடுத்துட்டுப் போ மேன், எடத்தை அடைக்குது" என்று கொடுத்துவிட்டார். ஜீப்பில் ஏற்றி பெருமாள்மலை வரை கொண்டு வந்ததில் முதுகு போயிற்று. குளிர வைக்கச் செய்த பெட்டி, இனிமேல் சூடு கொடுக்கப்போகிறது.

உள்ளே:
- அடியில் நாற்பது வாட் பல்பு. வெளிச்சம் தெரியாமல் மேலே ஓட்டை போட்ட பிஸ்கட் டின்.
- தண்ணீர்த் தட்டு, ஈரப்பதத்துக்கு.
- பழைய கம்ப்யூட்டர் ஃபேன்.
- தெர்மிஸ்டர், ரிலே. சர்க்யூட் சொந்தம். இருபத்தைந்து டிகிரி தாண்டினால் பல்பு அணையும், இறங்கினால் எரியும்.

மத்தியானம் முழுக்க முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பிசகவில்லை. டிப்ளமோ எலக்ட்ரிக்கல் படித்ததற்கு இது ஒன்றாவது.

கீழே ஊர்களில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் போதும், பயறு முளைத்துவிடும். இங்கே ஆடிக் குளிரில் துணிக்குள்ளேயே நாறிப்போகிறது. ராபின் அண்ணன் (ரா.அ.) கேட்டிருப்பதும் சுண்டலுக்குப் போடுகிற குட்டி முளை இல்லை. விரல் நீளத்துக்கு, வெள்ளை வெளேரென்று, கடித்தால் சத்தம் கேட்க வேண்டும். நூடுல்ஸில் வதக்கிப் போடுவார். வெள்ளைக்காரர்களுக்குப் பச்சையாக சாலட்டில். மதுரையிலிருந்து வரவழைத்தால் மலை ஏறுவதற்குள் பழுப்பேறிவிடுகிறதாம்.

வாசலில் பக்கத்து வீட்டு பாக்கியத்தக்கா, அம்மாவிடம்: "ஆடிக்குத்தானத்தா ஒம் மருமக போயிருக்கு. ஆவணி பொறந்தா ஓடியாந்துரும் பாரு."

புதிதாகக் கல்யாணமானவளை ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவது ஊர் வழக்கம். அதனால் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆடிக்குப் போகிறவள் எல்லாச் சேலையையும் எடுத்துக்கொண்டு போவாளா? மார்க் ஷீட் ஃபைலையும்? அலமாரியில் சுமதி பக்கம் காலி. அம்மா அந்தக் கதவைத் திறப்பதில்லை. நானும் இல்லை.

சு.விடமிருந்து போன் இல்லை.


27.7, வியாழன்

முதல் ஈடு நாசம். பாதிப் பயறு முளைக்கவேயில்லை. மீதி வால் விட்டு நின்றுவிட்டது. வெப்பநிலை சரி, தண்ணீர் சரி. தப்பு பயறில். கடையில் போய்க் கேட்டேன்.

"போன வருசச் சரக்கு தம்பி. கொழம்புக்குன்னா நல்லா வேகும்."

"முளைக்குமான்னு கேட்டுத்தானே வாங்கினேன்?"

"மொளைக்காதுன்னு நா சொல்லலியே."

எல்லோரும் இப்படித்தான். பை நிறையச் செத்த பயறு. அம்மா நாளைக்குக் குழம்பு வைப்பாள்.

புதுப் பயறு வேண்டும். வத்தலக்குண்டில் கிடைக்கும். வத்தலக்குண்டு. சு.வின் ஊர். போகாமல் ஒட்டன்சத்திரம் போய் வாங்கலாமா என்று யோசித்தேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறிதான் மலை மலையாக இருக்கும்.


29.7, சனி

வத்தலக்குண்டு. இறங்கியதும் வெயில். ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி நடந்தேன். மண்டியில் புதுப் பயறு, சின்ன மணி, பச்சை மினுமினுப்பு. வாங்கிக்கொண்டு நேரே பஸ் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

மச்சான் செந்தில் வாசலில். சு.வின் அண்ணன்.

"வாங்க மாப்ள. மலையில என்ன வெளச்சல்?"

"பயறு முளைக்க வைக்கிறேன்."

"பயறா? அதுக்கு எதுக்கு மாப்ள எஞ்சினியரு? எங்க ஆத்தா ஈரத்துணியிலயே மொளைக்க வச்சிரும்." சிரிப்பு. உள்ளே மாமனாரும் சிரித்தார்.

கறிக்குழம்பு. ஆடியில் மாப்பிள்ளை ராத்தங்கக் கூடாதாம், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனபோது சு. குழாயடியில். இளைக்கவில்லை. கறுக்கவில்லை. நன்றாகத்தான் இருக்கிறாள்.

"நெரந்தரமா ஒண்ணு சொல்லுங்க. அப்பறம் கூப்புடுங்க."

"ராபின் அண்ணன் ஆர்டர் நிலையா வரும்போல இருக்கு."

"வரும்போல. கோயமுத்தூரு பம்பு கம்பெனியையும் நெரந்தரம்னுதான் சொன்னீங்க. பங்குனியில சூப்பர்வைசர வாடா போடான்னு பேசிட்டு வந்து நின்னீங்க."

"அவன் தப்பான வால்வை மாட்டச் சொன்னான்."

"மாட்டிட்டு வந்திருக்கலாம்ல."

தப்பான வால்வைத் தப்பு என்று சொல்வதற்குத்தானே படித்தது.

"திருப்பூர்ல அண்ணனோட சேக்காளி கம்பெனியில செக்கிங் வேலை இருக்கு. ஆவணி பொறந்ததும் சேரச் சொல்றாக. அதுவரைக்கும் பாப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

ஸ்வெட்டரில் பொத்தான் இல்லாததைப் பார்த்து, ஊசி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். பஸ் போய்விடும் என்று நான் கிளம்பிவிட்டேன். அடுத்த பஸ்ஸில் வந்திருக்கலாம்.


30.7, ஞாயிறு

ராத்திரி ஊறவைத்தது காலையில் டப்பில். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப், மேலே ஈரச் சாக்கு, அதன் மேல் பாரத்துக்குத் தட்டும் கல்லும். பாரம் இருந்தால்தான் தண்டு தடிக்கும். தண்ணீர் அடிக்கடி ஊற்ற வேண்டும். நெருக்கமாக முளைக்கும்போது தானாகவே சூடு ஏறும், ஊற்றாவிட்டால் வெந்து அழுகும். பகலில் நான் காட்டேஜ்களில் கீசர், மோட்டார் பார்க்கப் போய்விடுகிறேன். அம்மாவிடம் சொன்னேன்.

"பதமா ஊத்திர்றேன் தம்பி. மழைக்குத் தோட்டத்து வேலையுந்தான் இல்லியே."

"கையை சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஊத்தணும்."

"பிள்ளையா பெத்து வச்சிருக்க?"


1.8, செவ்வாய்

காற்று. இரண்டு தடவை கரண்ட் போய் வந்தது. பெட்டிக்குள் சூடு இறங்கவில்லை. பழைய ஃபிரிட்ஜ் சுவர் நல்ல சுவர்.

கோயிலில் காப்புக் கட்டு. தெருவில் வீட்டுக்கு வீடு முளைப்பாரி போட்டாயிற்று. அம்மாவும் மண்சட்டியில் மண், வைக்கோல், சாணி போட்டு நவதானியம் விதைத்து, அடுக்களை மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டி உள்ளே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கழித்து அடுத்த வெள்ளி தலையில் சுமந்து கோயிலுக்கு. அதுவரை ஆண்கள் கண்ணில் படக்கூடாது.

"எட்டிப் பாத்துராத. உம் பொண்டாட்டிக்காகத்தான் இந்த வருசம் வேண்டிப் போட்டிருக்கேன். பாரி நல்லா வந்துச்சுன்னா மருமக வந்துரும்."

முளைப்பதற்கும் சு. வருவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அம்மா திரையை இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

என் பயறு முளைத்தால்தான் சு. வருவாள், எனக்கும் அதே சம்பந்தம்தான் என்பது பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எரிச்சல்.


3.8, வியாழன்

முளை வந்துவிட்டது. வெள்ளை. நேர். சாக்கைத் தூக்கியதும் தட்டே மேலே எழும்பி நின்றது. பொறுக்கி, மூன்று தண்ணீரில் தோல் போக அலசி, பைகளில் போட்டு முதல் பஸ்ஸில் மேலே.

ரா.அ. ஒரு முளையை எடுத்து ஒடித்தார். டக். இன்னொன்றை ஒடித்தார். டக். வாயில் போட்டுக்கொண்டார்.

"லுக், தம்பி. எனக்கு மெயின்டனன்ஸுக்கு ஆள் இல்ல. கீசர், பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் ஒவ்வொரு நாளும் ஒண்ணு படுத்துக்குது. மாசச் சம்பளமா வந்துரு. பின்னாடி காட்டேஜ் சும்மா கெடக்கு, பாத்ரூம் அட்டாச்டு. ஒய்ஃப கூட்டிட்டு வா. முளை உன்னோட சைடு பிசினஸ். மத்த ரெண்டு ஓட்டலுக்கும் நானே சொல்றேன்."

"எழுதிக் கொடுப்பீங்களா அண்ணே?"

"ஏம்ப்பா, என்னைப் பாத்தா ஓடிப்போறவன் மாதிரியா இருக்கு? சரி, எழுதித் தர்றேன். பேமிலிய வரச் சொல்லு, பாக்கட்டும்."

காட்டேஜைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு. அடுப்புக்கு மேடை இருக்கிறது. ஒரு சுவிட்ச் போர்டு மாற்ற வேண்டும். சுவரில் ஈரம், ஒரு வெயில் அடித்தால் காயும்.

சு.வுக்கு போன். சொன்னேன். முழுக்கக் கேட்டாள். பிறகு, "பாத்ரூம்ல கீசர் இருக்கா?"

"நான்தான் பாத்துக்கப்போற கீசரே."

சிரித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் போனில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

பதின்மூன்றாம் தேதி ஞாயிறு மச்சான் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அடுத்த ஈடு ஏற்கெனவே பெட்டியில். பெரிய ஈடு. ரா.அ. இடத்துக்கு யோகா கோஷ்டி ஒன்று வருகிறது. எல்லாம் பச்சைத்தீனிக்காரர்கள்.


4.8, வெள்ளி

அடுக்களையில் அம்மாவும் பாக்கியத்தக்காவும். நான் ரிலே கழற்றிக்கொண்டிருந்தேன்.

"குளிருக்குப் பாரி தலையே தூக்க மாட்டேங்குதுத்தா. அங்கனக்குள்ள ரெண்டு தட்டாம்பயறு மட்டும் எட்டிப் பாக்குது. மத்ததெல்லாம் அப்புடியே கெடக்கு."

"எங்களுதும் சவலையாத்தான் நிக்கிது. கணப்பு வைக்கிறதா இல்லையா?"

"கங்கு வச்சேன். ராவுல அவிஞ்சு போகுது. போன வருசம் எம்பாரிய பாத்து அத்தன பேரும் வாய மூடிச் சிரிச்சாளுக. இந்த வருசமும் இப்புடின்னா நா என்னா செய்ய, அந்தப் பிள்ள வரணுமே."

பிறகு அம்மா என்னிடம் வந்து, "தம்பி, உம் பொட்டிக்குள்ள பல்பு பகல்லயும் எரியுமா?"

"தேவைப்பட்டா எரியும்."

"மேல்தட்டு சும்மாவே கெடக்கே."

"ரெண்டாவது டப் வாங்கினா வைக்கிறதுக்கு."

"ம்."


6.8, ஞாயிறு

நேற்று முழுக்க மழை. காட்டேஜ் சுவிட்ச் போர்டு மாற்றிவிட்டேன், ரா.அ. கேட்காமலே.

பெட்டியில் ஏதோ சரியில்லை. ராத்திரி பல்பு எரிந்து அணைகிறது. பகலில் வந்து பார்த்தால் எரிந்துகொண்டே இருக்கிறது. டின் தொட முடியாத சூடு. ஏன்? கதவு அடிக்கடி திறக்கப்படுகிறதா? அம்மாவிடம் கேட்டேன். "தண்ணி ஊத்தத் தொறக்க வேணாமா?" சரிதான்.

மண் வாசனையும் அடிக்கிறது. சாக்கு என்று நினைக்கிறேன். உரச் சாக்கோ என்னவோ. எரித்துவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் போட்டு எடுத்து மூடினேன். முளைகளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. போன ஈட்டைவிடத் தடிமன். அங்கங்கே பழுப்பாக ஒரு புள்ளி, தோலாக இருக்கும். அலசினால் போய்விடுகிறது.


7.8, திங்கள்

சப்ளை முடிந்தது. ரா.அ. மகிழ்ச்சி. சமையல்காரர், "என்னா சார், முள்ளங்கி கணக்கா இருக்கு?" என்றார். சார்!

மழை விட்டு அரை மணி நேரம் வெயில்.


9.8, புதன்

காலையில் ரா.அ. போன். "மேல வா." வைத்துவிட்டார்.

யோகா கோஷ்டியில் ஐந்து பேருக்கு நேற்று ராத்திரி முதல் வாந்தி, பேதி, காய்ச்சல். நான்கு பேர் அறையில் சுருண்டு கிடக்கிறார்கள். ஒரு பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். சின்னப் பெண். திங்கட்கிழமை ஜெனரேட்டர் ரூமை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள், நான்தான் வள்ளென்று விழுந்தேன்.

ரா.அ. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை.

"ஒக்காரு. நானும் சாப்பிட்டேன், நூடுல்ஸ்ல. எனக்கு ஒண்ணும் இல்ல. குக் சாப்பிட்டாரு, ஒண்ணும் இல்ல. சாலட் சாப்பிட்ட ஆளுங்களுக்கு மட்டும். நீ டெக்னிகல் ஆளு. நீயே சொல்லு."

வெந்ததில் இல்லை, வேகாததில் இருக்கிறது. அப்படியென்றால் கிருமி. முளையில்தான். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்றால், எங்கள் வீட்டில் யாரும் அதைப் பச்சையாகத் தின்பதில்லை.

"தண்ணியா இருக்கலாம் அண்ணே. கொதிக்க வச்சு ஊத்திப் பாக்கிறேன். ஒரு வாரம் குடுங்க, கண்டுபிடிச்சிருவேன்."

"தம்பி. அந்தப் பொண்ணோட அப்பா ஊர்லேயிருந்து போன் பண்றாரு. எனக்கு மூணு தடவை பண்ணிட்டாரு. நான் உன் பேரைச் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை யாரையும் கூட்டிட்டு வராத."

"மெயின்டனன்ஸ் வேலை?"

"உன்னைப் பாத்தா எனக்கு இதுதான் ஞாபகம் வரும் மேன். வேணாம்."

மத்தியானமே இறங்கிவிட்டேன். இந்த நேரத்துக்கு நான் வீடு திரும்புவதில்லை. கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை.

ஃபிரிட்ஜ் திறந்து கிடக்கிறது. அம்மா முன்னால் மண்டி போட்டுச் சொம்பிலிருந்து தண்ணீர் தெளிக்கிறாள். மேல்தட்டில் மண்சட்டி. முளைப்பாரி. முழ உயரத்துக்கு மஞ்சள் வெளுப்பாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. சட்டியின் அடி ஓட்டை வழியாகச் சாணித் தண்ணீர் கம்பித்தட்டில் சொட்டி, கீழே என் டப்பின் மேல். சொட்டு. சொட்டு. புது ஈடு, நேற்றுப் போட்டது.

"பாக்காத! ஐயோ பாக்காதடா!" முந்தானையை இழுத்துச் சட்டியை மூடினாள். சொம்பு உருண்டது.

பகல் முழுக்கப் பல்பு ஏன் அணையவில்லை என்று தெரிந்துவிட்டது. ஒரு சட்டி ஈர மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறது.


10.8, வியாழன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் போட்ட சத்தத்தில் பாக்கியத்தக்கா வந்துவிட்டாள். சனிக்கிழமையிலிருந்து நான் காலையில் கிளம்பியதும் அம்மா சட்டியைப் பெட்டிக்குள் வைப்பதும், வருவதற்கு முன் எடுத்து மூலையில் வைப்பதுமாக இருந்திருக்கிறாள். தட்டை வேறு துடைத்து வைத்திருக்கிறாள். ஒளித்தது எனக்குப் பயந்து இல்லை. ஆண் பார்க்கக் கூடாதே, அதற்காக.

"அஞ்சு பேர் ஆஸ்பத்திரில, ரூம்லன்னு கெடக்குறாங்க. ஒன் சாணித் தண்ணி. புரியுதா? சாணியில கிருமி இருக்கு. பொட்டிச் சூட்டுல அது பெருகும். நீ பயறை வளக்கல, கிருமிய வளத்திருக்க."

"சாணி எப்புடித் தம்பி கெடுதலாகும்? வாசலுக்கே அதைத்தானே தெளிக்கிறோம்?"

"வாசலை யாராச்சும் திங்கிறாங்களா?"

"கத்திக் கதைக்காத. தெருவே கேக்குது." அம்மா சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவள். கலங்கினால் அந்தப் பேச்சு வந்துவிடும். "அந்தப் பிள்ளைக வகுத்தால போனதுக்கு எம்பாரி என்னா செய்யும்? நீ பாத்துட்டியே, அதான். ஆம்பள கண்ணு பட்டுருச்சே."

"அவங்களுக்கு முடியாமப் போனது செவ்வாக்கிழமை ராத்திரி. நான் பாத்தது புதன் மத்தியானம். பின்னாடி நடந்தது முன்னாடி நடந்ததுக்கு எப்படிம்மா காரணமாகும்?"

"ஆத்தாளுக்கு முன்ன என்னா, பின்ன என்னா?"

பாக்கியத்தக்கா நடுவில்: "விடுத்தா. தெரியாமப் பாத்ததுதான. எலுமிச்சம்பழம் சுத்தி, மஞ்சத்தண்ணி ஊத்திக் கும்புட்டுக்கிட்டா ஆத்தா மன்னிச்சிருவா. ஏலே குமாரு, நீயும் ஒரு வாளி ஊத்திக்கடா."

வேலை போன விஷயத்தைச் சொன்னேன். காட்டேஜ் இல்லை என்றும் சொன்னேன். அம்மா காதில் வாங்கினாளா தெரியவில்லை. சட்டியை மறைப்பதிலேயே இருந்தாள். ராத்திரி சாப்பிடவில்லை. இன்றும் இல்லை, விரதமாம்.

காலையில் டப்பைப் பின்பக்கக் குழியில் கொட்டினேன். டெட்டால் போட்டுப் பெட்டியைக் கழுவினேன். எதற்குக் கழுவினேன்?

மச்சானுக்கு போன் செய்து ஞாயிறு வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு.

ஆஸ்பத்திரி வாசல் வரை போய் நின்றேன். உள்ளே போய் யாரிடம் என்ன சொல்வது? திரும்பிவிட்டேன்.


11.8, வெள்ளி

பாரி எடுத்தார்கள். மேளம். மழை வரவில்லை.

தெருப் பெண்கள் வரிசையாகத் தலையில் சட்டியோடு. மற்ற வீட்டுச் சட்டிகளில் சாண் உயரம், அதுவும் வழுக்கை வழுக்கையாக. அம்மாவின் சட்டி மட்டும் தனியாகத் தெரிந்தது. முகத்தை மறைத்துக்கொண்டு, மேலே பூச்சுற்றி, நடக்க நடக்க மொத்தமாக ஆடியது. என் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள்.

"ஏடி, சிலோன்காரம்மா பாரியப் பாருங்கடி! கருது கணக்கா நிக்கிது!"

"என்னா எரு போட்டீக?"

"எரு இல்லத்தா. மனசு" என்றாள் அம்மா.

இருபத்தைந்து டிகிரி, ஈரப்பதம், இருட்டு. வேறு ஒன்றும் இல்லை. என் சர்க்யூட் உருப்படியாக வளர்த்தது அதைத்தான்.

கும்மி கொட்டி, கோயிலைச் சுற்றி, ஓடையில் கரைத்தார்கள். பூசாரி அம்மா நெற்றியில் கை நிறையத் திருநீறு பூசி, "ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்றார். அத்தனை பெண்களும், "மருமக வந்துரும், மருமக வந்துரும்" என்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாளைக்குச் சேர்த்துச் சாப்பிட்டாள். நான் பார்த்த குற்றத்தை ஆத்தா மன்னித்துவிட்டாளாம். இல்லாவிட்டால் அப்படி வளர்ந்திருக்காதாம்.

இனி அவளிடம் கிருமி பற்றிப் பேசிப் பயனில்லை. பேசவும் தோன்றவில்லை.

மச்சானுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.


13.8, ஞாயிறு

மச்சான் வந்துவிட்டார். பெருமாள்மலை டீக்கடையிலேயே மறித்தேன். வட்டக்கானல் போக வேண்டியதில்லை என்றேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. சாணி முதல் ஆஸ்பத்திரி வரை எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"அத்தை வேணும்னா செஞ்சாக? விடுங்க மாப்ள." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "தங்கச்சிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீங்க போன்ல படபடன்னு பேசிறாதீங்க."

பிறகு தயங்கி: "சுமதியோட பள்ளிக்கூட டி.சி. இங்கயே நின்னுபோச்சாம். கம்பெனியில கேக்குறாக."

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அலமாரியின் அந்தப் பக்கக் கதவை நானே திறந்தேன். அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே இருந்தது. நானே எடுத்து, மடங்காமல் அட்டைக்குள் வைத்து, நானே கொடுத்தேன். அம்மாவுக்கு அது என்ன காகிதம் என்று தெரியாது.

"மருமகளுக்குக் குடுங்க தம்பி" என்று அம்மா ஒரு பை பேரிக்காயும் பட்டர்ஃப்ரூட்டும் கொடுத்தாள். "பழுக்கல. வியாழக்கெழம அவ இங்கிட்டு வர்றதுக்குள்ள பழுத்துரும், அங்கன வச்சு ரெண்டு தின்னுட்டு வரட்டும்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பட்டர்ஃப்ரூட்டைப் பார்த்தேன்.


14.8, திங்கள்

அந்தப் பெண்ணை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்களாம். மற்றவர்களும் எழுந்து நடக்கிறார்கள். ரா.அ. கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரரைக் கடைவீதியில் பார்த்தேன், அவர் சொன்னது. சார் என்று சொல்லவில்லை. அது பரவாயில்லை. அந்தப் பெண் பிழைத்ததே போதும். உண்மையாகவே போதும்.

இரண்டு கீசர், ஒரு மோட்டார். வேறு வேலை இல்லை.


16.8, புதன்

ஆடி கடைசி. சாரல்.

சு. போன். நான் படபடவென்று பேசவில்லை. அவள் பேச விடவுமில்லை.

"அண்ணன் எல்லாஞ் சொல்லுச்சு. அத்தை மேல கோவப்படாதீங்க. எனக்காகத்தான் செஞ்சாக." கொஞ்சம் இருமினாள், அல்லது அழுதாள். "நாளைக்குக் காலையில திருப்பூருக்குப் போறேன். லேடீஸ் ஆஸ்டல்ல சொல்லியிருக்கு."

"நானும் திருப்பூர் வர்றேன். அங்க எலக்ட்ரீசியன் வேலை கெடைக்கும்."

"இப்ப வேணாங்க."

"எப்ப?"

"நா சொல்றப்ப வாங்க."

"சொல்லுவியா?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிடும் சத்தம். "சாப்புட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள். பதில் அவ்வளவுதான். கூப்பிட மாட்டாள், அந்த சர்க்யூட் எனக்கு இப்போது தெரிந்துவிட்டது.

அம்மாவிடம் சொல்ல அடுக்களைக்குப் போனேன். நாளைக்கென்று அதிரசத்துக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாள். "வெள்ளனே எந்திரிக்கணும், வெரசா படு" என்றாள். சொல்லவில்லை.


17.8, வியாழன்

ஆவணி பிறந்தது. மேகம். நல்ல குளிர்.

நான் எழுந்தபோது அம்மா இல்லை. வாசல் தெளித்துக் கோலம். பாக்கியத்தக்காவிடம் கேட்டேன். "ஒனக்குத் தெரியாதா? மருமகளக் கூட்டியார வெள்ளனேயே பஸ்டாப்புக்குப் போயிருச்சு. நா வாரேன்னேன், வேணாம்னுருச்சு."

போனேன். திருப்பத்திலிருந்தே அம்மா தெரிந்தாள். அதே பட்டுச்சேலை, மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு. வத்தலக்குண்டு பஸ் வந்து நின்றது. ஏறி எட்டிப் பார்த்தாள். கண்டக்டர் ஏதோ கேட்டார், அவரிடம் சிரித்துப் பேசிவிட்டு இறங்கினாள். பஸ் போயிற்று. டீக்கடை பெஞ்சில் திரும்ப உட்கார்ந்துகொண்டாள்.

கிட்டப் போக முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது இன்னொரு பஸ்ஸும் போயிருக்கும். மழை வலுக்கிறது. குடை எடுத்துக்கொண்டு போக வேண்டும். போய்ச் சொல்ல வேண்டும்.